மான்வால்: உடலுறுப்பிலிருந்து நினைவுப் பொருள்வரை – பெயரிடலும் பெயர்ப்பும்

1. சிக்கலின் இயல்பு

வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் விலங்குகளுள் பரவலால் முதன்மை பெறுவது வெண்வால் மான். கனடாவின் தென்பகுதி தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை இது காணப்படுகிறது. இதன் வாலை வேட்டைக்காரர் வெட்டியெடுத்துப் பக்குவப்படுத்தி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வதும், தொப்பியில் செருகுவதும், அதன் மயிரைத் தூண்டிலில் கட்டுவதும் அங்கு நெடுநாளைய வழக்கங்கள். இவ்வழக்கம் பற்றிய கையேடுகளையும் குறிப்புகளையும் தமிழாக்க முற்படும் ஒருவர், இதில் சொற்சிக்கல் பெரிதாக இராது என்றே முதலில் எண்ணக்கூடும். மான் தமிழுக்குப் புதிதன்று. வாலும் உப்பும் தோலும் அத்தகையனவே. கலைச்சொல்லாக்கக் குழு கூடித் தீர்க்க வேண்டிய சொல் எதுவும் இப்பனுவல்களில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

பெயர்ப்பில் இறங்கியதும் நிலைமை மாறுகிறது. விலங்கின் உடலோடு இருக்கும் வால், வெட்டப்பட்ட வால், எலும்பு நீக்கி உலர்த்தப்பட்ட வால், மயிர்க்கற்றையாகத் தூண்டிலில் ஏறிய வால், தொப்பியில் அடையாளமாக நிற்கும் வால் ஆகிய ஐந்தும் ஒரே பொருளின் ஐந்து நிலைகள். மூல மொழி இந்நிலைகளை வெவ்வேறு சொற்களாலும் வினைகளாலும் பிரித்துக் காட்டுகிறது. தமிழாக்கத்தில் ஐந்துக்கும் 'மான்வால்' என்ற ஒரே தொடர் வந்து நின்றுவிடுமாயின் படிப்பவர் வழி தவறுவர். உடலிலிருந்து பிரிந்த உறுப்பு தன் விலங்கை விட்டுத் தொலைவு செல்லும்போது, அதன் பெயரைக் கேட்பவர் அதற்கேற்ற விலங்கு ஒன்றைத் தாமே கற்பித்துக்கொள்வதும் உண்டு. தமிழில் இதற்குப் பழைய சான்று கவரி. மான்வாலைப் பற்றிய சொல்லாய்வு கவரியைத் தொடாமல் நிறைவுறாது என்பதற்கு அதுவே காரணம்.

2. உடலோடு கூடிய வால்

ஆங்கில வேட்டை வழக்கில் விலங்குதோறும் வாலுக்குத் தனிப்பெயர் உண்டு. நரியின் வால் 'பிரஷ்'. வேட்டை நாயின் வால் 'ஸ்டெர்ன்'. முயலின் குட்டை வால் 'ஸ்கட்'. மானின் வாலுக்குப் பழைய வேட்டை நூல்களில் 'சிங்கிள்' என்ற பெயர் வழங்கியது. செருமானிய வேட்டைக் குழூஉக்குறி இத்துறையில் இன்னும் வளமானது. அங்கே நரியின் வால் 'லுன்டெ', முயலின் வால் 'புளூமெ', காட்டுப்பன்றியின் வால் 'பியூர்ட்செல்', செம்மானின் வால் 'வேடெல்'. பொதுவழக்கில் 'லுன்டெ' வெடிமருந்துத் திரியையும் 'புளூமெ' மலரையும் குறிக்கும் சொற்கள். 'வேடெல்' என்பதற்குப் பனை, பெரணி முதலியவற்றின் ஓலை என்றும், தூசு தட்டும் துடைப்பம் என்றும் பொருள் உண்டு. வாலும் வீசுகருவியும் ஒரே பெயர் பெறும் இந்த ஒற்றுமை பின்னர்க் கவரியைப் பேசும்போது பயன்படும்.

தமிழில் விலங்கின் வாலுக்கு 'வால்' என்ற ஒரு சொல்லே பெருவழக்கு. மயிலுக்கு மட்டும் 'தோகை' என்ற தனிப்பெயர் நிலைத்திருக்கிறது. தோகையிலிருந்து பிரிந்த இறகு 'பீலி' எனப்படுகிறது. உடலில் இருப்பதற்கு ஒரு பெயரும் கையில் இருப்பதற்கு இன்னொரு பெயரும் வைக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதை இது காட்டும். யானையின் கோடு வாணிகப் பொருளாகும்போது 'தந்தம்' ஆவதும் இத்தகையதே. மான்வாலுக்கு இத்தகைய இரண்டாம் பெயர் அமையாததற்குக் காரணம் மொழியின் குறைபாடு அன்று. தமிழகத்தில் மானின் கொம்பும் தோலும் பயன்பொருள்களாக வழங்கிய அளவுக்கு வால் வழங்கவில்லை. வழங்காத பொருளுக்குப் பெயர் பிறப்பதில்லை.

வெண்வால் மானின் வாலே அதன் அடையாளம். மேற்புறம் பழுப்பு, அடிப்புறம் தூய வெண்மை. அச்சமுற்ற மான் வாலை நிமிர்த்தி வெண்மை தெரிய ஓடும். ஆங்கில வேட்டைக்காரர் இந்நிலையில் வாலைக் 'கொடி' என்றே குறிப்பர். 'மான் கொடி காட்டியது' எனும் பொருள்படும் தொடர் அவர்களிடையே இயல்பானது. தமிழில் இதனைக் 'கொடி காட்டியது' என்று பெயர்த்தால் புகைவண்டி நிலையமே நினைவுக்கு வரும். 'வால் நிமிர்த்தியது' என்று வெளிப்படையாகக் கூறுதல் போதும்.

விலங்கின் பெயரே வாலால் அமைந்தது. 'வெண்வால்' என்று மட்டும் கூறி அம்மானைக் குறிக்கும் ஆங்கில வழக்கு தமிழ் இலக்கணத்தின்படி அன்மொழித்தொகை. ஆயினும் தமிழ்ப் படிப்பாளருக்கு இவ்விலங்கு அறிமுகமானதன்று. ஆதலின் 'வெண்வால் மான்' என்று இருபெயரொட்டாக விரித்தலே தக்கது. இதற்கு இனமான இன்னொரு வட அமெரிக்க மானுக்குக் கழுதைக்காதின் சாயலால் ஆங்கிலப் பெயர் அமைந்தது. அதன் வால் ஒடுங்கியது. வெண்ணிறத்தின் நுனியில் கறுப்பு. அதன் கடற்கரை வகையோ மேற்புறம் முழுவதும் கறுத்த வாலுடையது. ஆகவே 'கருவால் மான்' என்ற பெயர் அக்கடற்கரை வகைக்கே உரியது. நுனி கறுத்த வாலைக் கண்டு உள்நாட்டு வகைக்கும் அப்பெயரை இடுதல் பிழையாகும்.

ஆணின் பெயர் பற்றியும் ஒன்று குறிக்கத்தக்கது. வால்மயிரைக் குறிக்கும் 'பக்டெய்ல்' என்ற கூட்டுச்சொல்லின் முதற்பகுதி ஆண்மானைக் குறிப்பது. தொல்காப்பிய மரபியல் 'கலை' என்ற ஆண்பாற் பெயரைப் புல்வாய்க்கும் உழைக்கும் முசுவுக்கும் உரியதாக்குகிறது. இதனைப் பின்பற்றிக் 'கலைவால்' என்று ஆக்கும் ஆசை சிலருக்கு எழலாம். இரண்டு காரணங்களால் அது பொருந்தாது. இன்றைய தமிழில் கலைமான் என்பது திருகுகொம்புடைய இந்திய இரலையையே குறிக்கிறது. அது கொம்பை ஆண்டுதோறும் உதிர்க்கும் மானினத்தைச் சேர்ந்ததே அன்று. மேலும் 'பக்டெய்ல்' என்ற பெயரில் விற்கப்படுவது ஆண்மானின் வாலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிணையின் வாலும் அப்பெயரிலேயே விற்கப்படுகிறது. மூலத்தில் உயிரிழந்த பொருளைப் பெயர்ப்பில் உயிர்ப்பித்தல் தேவையற்றது.

3. வெட்டிய வால்: வினைகளின் சிக்கல்

வாலைப் பக்குவப்படுத்தும் முறை எளிதானது. வாலை அடியில் வெட்டியெடுத்து, அடிப்புறத்தில் நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் எலும்புத் தொடரை உருவிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் ஊனையும் நிணத்தையும் வழித்தெடுத்த பின், தோலின் உட்புறம் முழுவதும் அயோடின் சேராத பொடியுப்பையோ வெங்காரத்தையோ அழுந்தத் தேய்த்து, நிழலில் விரித்து உலர்த்துவர். நன்கு உலர்ந்தபின் உதறிச் சவர்க்கார நீரில் கழுவி மீண்டும் உலர்த்துவர். எலும்பை நீக்காமல் விட்டால் உள்ளே அழுகல் தோன்றி நாற்றமெடுக்கும். மயிர் வேரோடு கழன்றுவிடும். நிணம் மிஞ்சினால் தோல்வண்டும் அந்துப்பூச்சியும் வந்து சேரும். நாட்பட்ட வால்களைச் சில நாள் உறைகுளிரில் வைத்துப் பூச்சியை அழிப்பதும் உண்டு.

ஒருவர் எதிரில் நின்று செய்து காட்டினால் ஒரு நாழிகையில் கற்கக்கூடிய செயல் இது. எழுத்தில் வடிக்கும்போது ஒவ்வொரு வினையும் ஒரு பொறியாகிறது.

முதலாவது, பெயரே வினையாகும் ஆங்கில இயல்பு. தோல், எலும்பு, ஊன் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஸ்கின்', 'போன்', 'ஃபிளெஷ்' என்ற பெயர்கள் வினையாகும்போது அவற்றை நீக்குதல் என்ற பொருளைத் தரும். உப்பைக் குறிக்கும் 'சால்ட்' வினையாகும்போது சேர்த்தல் என்ற பொருளைத் தரும். ஒரே வாக்கியத்தில் மூன்று நீக்கல் வினைகளும் ஒரு சேர்த்தல் வினையும் ஒரே வடிவில் அடுத்தடுத்து வருவது இக்கையேடுகளில் இயல்பு. உருவம் கொண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. செயலை அறிந்தவரே அறிவர். தமிழில் பெயர் இவ்வாறு வெறுமனே வினையாவதில்லை. உரித்தல், உருவுதல், வழித்தல், இடுதல் என்று செயலின் வகையையே சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் தமிழின் கட்டாயம் படிப்பவருக்கு நன்மையாகவே முடிகிறது. எலும்பை 'நீக்குக', ஊனை 'நீக்குக' என்று பொதுவினையால் எழுதுவதைக் காட்டிலும், எலும்பை 'உருவுக', ஊனை 'வழிக்க' என்று எழுதும்போது கையின் அசைவே சொல்லில் வந்துவிடுகிறது.

இரண்டாவது, 'க்யூர்' என்ற வினை. நோயைத் தீர்த்தல், தோலையோ இறைச்சியையோ கெடாமல் பக்குவப்படுத்தல், புகையிலையைப் பதப்படுத்தல், கற்காரையை நீர்விட்டு இறுகச் செய்தல் ஆகிய அனைத்தும் இச்சொல்லில் அடங்கும். இருமொழி அகராதியின் முதற்பொருளை எடுத்தாள்பவர் 'குணப்படுத்திய வால்' என்று எழுதிவிடும் வாய்ப்பு உண்மையானது. இக்காலத்து இயந்திரப் பெயர்ப்பிலும் இத்தகைய பிழை நேரக்கூடும். தமிழில் இதற்கு நேரான சொல் புதிதாக ஆக்கப்பட வேண்டியதன்று. 'பாடம் செய்தல்' என்ற தொடர் நெடுங்காலமாக வழங்குகிறது. பாடம் செய்த புலித்தோல், பாடம் செய்த மான்தலை என்பன பழைய மாளிகைகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டோர் அறிந்த தொடர்கள். புகையிலையையும் பாடம் செய்வர். ஆங்கிலச் சொல்லும் தமிழ்த் தொடரும் தோல், புகையிலை ஆகிய இரண்டையும் ஒருங்கே தழுவுவது தற்செயல் எனினும் பெயர்ப்பாளருக்கு வாய்ப்பானது. கற்பிக்கப்படும் பாடமும் இதுவும் ஒரே சொல்லா, ஒப்புருச் சொற்களா என்பது ஈண்டு வேண்டாத வினா. பள்ளிப் பாடத்தோடு மயங்கும் எனச் சிலர் இத்தொடரை ஒதுக்கி, 'பதப்படுத்தல்' என்று மட்டும் எழுதுகின்றனர். ஊறுகாய்க்கும் பழச்சாற்றுக்கும் ஏற்ற அச்சொல் தோலுக்கு வரும்போது வலுவிழக்கிறது.

'பதனிடுதல்' இதனின் வேறானது. இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது அவசியம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் தோல்தொழிலால் தமிழில் பதனிடுதல் என்பதற்குத் திட்டமான தொழிற்பொருள் அமைந்துவிட்டது. அங்கே தோல் முதலில் சுண்ணாம்பில் ஊறும். மயிர் அனைத்தும் அகற்றப்படும். அதன் பின்னரே ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய துவர்ப்பொருளாலோ குரோம் உப்பாலோ தோல் பதம் பெறும். பதனிட்ட தோல் என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது மயிரற்ற தோல். மான்வாலின் மதிப்போ முழுவதும் மயிரிலேயே இருக்கிறது. 'வாலைப் பதனிடுக' என்ற அறிவுரையைத் தோல்தொழில் அறிந்த ஒருவர் படித்தால், சுண்ணாம்புத் தொட்டியையே நாடுவார். மயிரோடு கூடிய தோலுக்குப் பாடம் செய்தல். மயிர் நீக்கிய தோலுக்குப் பதனிடுதல். எழுதப்படாத இவ்வரையறையைப் பெயர்ப்பாளர் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, பொருட்பெயர். வெங்காரமும் படிகாரமும் ஓசையால் நெருங்கியவை; இரண்டும் வெண்ணிறப் படிகங்கள்; இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பவை. பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்துவது வெங்காரம். நாவிதர் கீறலில் தடவுவதும், கண்ணேறு கழிய வாயிலில் கட்டப்படுவதும் படிகாரம். வால் பாடம் செய்தலில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் பணி வேறு. வெங்காரம் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சியைத் தடுக்கும். தோலின் இயல்பை மாற்றாது. படிகாரம் உப்போடு சேர்ந்து தோலையே ஓரளவு பதமாக்கி வெள்ளைத் தோலாக மாற்றும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் அறிவுரை வேறொரு முறைக்குரியதாகிவிடும். 'போராக்ஸ்' என்று ஒலிபெயர்த்துத் தப்பிக்கும் வழியும் உண்டு. கடைக்குச் செல்பவருக்கு அது எவ்வளவு உதவும் என்பது ஐயத்திற்குரியது.

'மயிர்' என்ற சொல்லையும் ஈண்டே குறித்துவிடலாம். பேச்சுவழக்கில் இழிபொருள் ஏறியதால் இதனைத் தவிர்த்து 'முடி' என எழுதுவோர் பலர். விலங்கின் உடல் பற்றிய கட்டுரையில் மயிர் என்பதே செம்மையானது. பொதுமக்களுக்கான துண்டு வெளியீட்டில் 'உரோமம்' என எழுதுவதில் தவறில்லை.

4. பயன்பொருளான வால்: பெயரின் பெயர்ச்சி

மானின் உடல்மயிர் உட்புழை மிகுந்தது. நூலால் இறுக்கிக் கட்டினால் அது நாற்புறமும் விரியும். வால்மயிர் நீளமானது, அடியில் மட்டும் சற்றே புழையுடையது, நுனிப்பகுதி கட்டினாலும் விரியாது. எனவே நீரில் நீந்தும் சிறுமீனின் உருவைக் காட்டும் பொய்யிரைக்கு வால்மயிரே ஏற்றது. பாப் கிளவுசர் என்பவர் 1987இல் உருவாக்கிய, கண்களுக்கு ஈயக் குண்டுகள் பொருத்திய பொய்யிரை இவ்வகையில் உலகெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் இத்தகைய பொய்யிரைகள் ஈயைக் குறிக்கும் 'ஃபிளை' என்ற பொதுப்பெயரில் அடங்கும். வால்மயிரால் கட்டப்படுவது ஈயின் உருவன்று, மீனின் உரு. 'ஈத்தூண்டில்' என்ற பெயர்ப்பு இவ்விடத்தில் பொருளோடு முரண்படும். 'மயிரிரை' என்றோ 'பொய்யிரை' என்றோ கூறுதல் நன்று.

அப்பொய்யிரையும் 'பக்டெய்ல்' என்றே அழைக்கப்படுகிறது. முதற்காரணப் பொருளின் பெயர் அதனால் ஆகிய காரியத்திற்கு ஆகி வந்தது இது. தமிழ் இலக்கணத்தார் வகுத்த ஆகுபெயர்ப் பாகுபாடு இத்தகைய பெயர்ச்சிகளை விளக்குவதில் மேனாட்டு அணியிலக்கணக் கலைச்சொற்களினும் நுட்பமாகப் பயன்படுகிறது. இதே சொல்லின் இன்னொரு பெயர்ச்சி இதனைத் தெளிவாக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியபோது, பென்சில்வேனியாவின் வடபகுதி மரவெட்டிகளையும் வேட்டைக்காரரையும் கொண்டு தாமஸ் கேன் என்பவர் ஒரு துப்பாக்கிப் படையைத் திரட்டினார். ஸ்மெத்போர்ட் என்ற ஊரில் இறைச்சிக் கடையில் தொங்கிய மான்தோலிலிருந்து ஒருவர் வாலை அறுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டார் என்றும், அதனைக் கண்ட கேன் அதையே படையின் அடையாளமாக்கினார் என்றும் அப்படையின் வரலாறு கூறும். குறி தவறாமல் சுடுபவர் என்பதன் சின்னமாக அவ்வால் கருதப்பட்டது. விரைவில் அப்படையினரின் பெயரே 'பக்டெய்ல்கள்' என்றாயிற்று. மறு ஆண்டில் திரட்டப்பட்ட வேறு இரண்டு படைகளும் வால் அணியத் தொடங்கியபோது, பழைய படையினர் அவர்களைப் 'போலி பக்டெய்ல்கள்' என இகழ்ந்தனர். நியூயார்க்கிலோ இதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்பே, 1810களின் பிற்பகுதியிலும் 1820களிலும், டிவிட் கிளின்டனை எதிர்த்து மார்ட்டின் வான் பியூரன் முதலியோர் வழிநடத்திய அரசியல் பிரிவுக்கு இதே பெயர் வழங்கியது. டாமனி சங்கத்தார் தொப்பியில் அணிந்த மான்வால் அதன் மூலம்.

இவ்விரண்டிலும் அணியப்பட்ட பொருளின் பெயர் அணிந்தவருக்கு ஆகிவந்தது. 'கழல் பணிந்தான்' என்பதில் காலணியாகிய கழலின் பெயர் காலுக்கு ஆவதுபோல, தானியின் பெயர் தானத்திற்கு ஆகியது, எனவே தானியாகுபெயர். உடலுறுப்பின் பெயரால் மானையே சுட்டும் 'வெண்வால்' போன்றதன்று இது. பெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு வெறும் இலக்கணப் பயிற்சியாக நின்றுவிடுவதில்லை. அன்மொழித்தொகையான 'வெண்வால்' வெண்வால் மானாக விரிந்தது; காரியத்துக்கு ஆகிய பெயர் மான்வால் இரையாக விரியும்; தானியாகுபெயர் 'மான்வால் படையினர்', 'மான்வால் பிரிவினர்' என விரியும். விரிக்காமல் 'மான்வால்கள் போரிட்டன' என்று எழுதினால் நகைப்புக்கே இடமாகும்.

வட அமெரிக்கப் பழங்குடியினர் பலர் அணியும் தலைக்கொண்டையில், முள்ளம்பன்றியின் நீண்ட மயிருக்கு ஓரமாகச் சாயமேற்றிய மான்வால் மயிர் கட்டப்படுகிறது. அங்கு அது வேட்டையின் நினைவாக அணியப்படுவதன்று. ஆடலுக்கும் சடங்குக்கும் உரிய அணிகலன். வால் என்ற சொல்லே அங்கு வேண்டுவதில்லை.

பெயரும் பொருளும் இவ்வாறு விலகுவதற்கு ஐரோப்பாவிலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆல்ப்சு மலைப்பகுதியில் தொப்பியில் அணியப்படும் 'காம்சுபார்ட்' என்ற மயிர்க்குஞ்சத்தின் பெயருக்கு 'மலையாட்டுத் தாடி' என்பது சொற்பொருள். அம்மயிர் உண்மையில் அவ்விலங்கின் முதுகிலிருந்து எடுக்கப்படுவது. பெயரை நம்பிப் பெயர்ப்பவர் தாடியையே எழுதுவார்.

5. கவரி: விலங்கை இழந்த வால்

இமயத்தின் உயர்மலைகளில் வாழும் கவரி மாட்டினத்தைச் சார்ந்தது. அதன் நீண்ட வால்மயிரே சாமரமாகக் கட்டப்பட்டு அரசர்க்கும் தெய்வத்துக்கும் வீசப்பட்டது. சங்க நூல்கள் இவ்விலங்கின் இருப்பிடத்தைச் சரியாகவே அறிந்திருந்தன. பதிற்றுப்பத்திலும் புறநானூற்றிலும் கவரி இமயத்தோடும் நரந்தம் புல்லோடும் சேர்த்தே பேசப்படுகிறது. திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்தில் வருவதும் 'கவரிமா' என்பதே. 'மா' என்பது விலங்கு என்ற பொதுப்பொருள் தருவது.

ஆயினும் பிற்காலத் தமிழில் கவரிமா கவரிமானாயிற்று. மயிர் ஒன்று உதிர்ந்தாலும் உயிர்விடும் மான் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. 'கவரிமான் பரம்பரை' என்பது பேச்சில் இயல்பான தொடர். இம்மாற்றத்தை மா, மான் என்ற ஒலி நெருக்கத்தால் மட்டும் விளக்குவது போதாது. மரபியல், 'பிணை' என்ற பெண்பாற் பெயரைப் புல்வாய், நவ்வி, உழை ஆகிய மான்வகைகளோடு கவரிக்கும் உரியதாக்குகிறது. பெண் கவரியைப் பிணை என்று சொல்லிப் பழகிய மொழியில் கவரி மானாவதற்கு வழி முன்னரே திறந்திருந்தது எனலாம். அதிகாரத்தின் பெயரான 'மானம்' என்ற சொல்லின் ஓசையும் துணைசெய்திருக்கக்கூடும்.

எல்லாவற்றினும் வலிய காரணம் ஒன்று உண்டு. தமிழகம் கண்டது கவரியின் வாலை மட்டுமே. விலங்கு வடக்கே மலையில் நின்றுவிட்டது. அதன் வால் கைப்பிடி பொருத்திய பொருளாகக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் வந்து சேர்ந்தது. மென்மையும் வெண்மையும் உடைய அம்மயிருக்கு ஏற்ற உடலைக் கேட்போர் கற்பித்தபோது, அழகும் நாணமும் உடையதாகக் கருதப்பட்ட மானே முன்வந்தது. தடித்த எருமை போன்ற விலங்கு வரவில்லை. பொருளின் பெயரோ மேலும் விலகிச் சென்றது. மகளிர் கூந்தலில் வைத்துப் பின்னும் பொய்ம்முடிக்கு வழங்கும் 'சவரி' என்ற சொல்லும் சாமரையோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. அவ்வழக்கில் விலங்கும் இல்லை, வாலும் இல்லை.

மான்வாலைப் பெயர்ப்பவருக்கு இதனால் பெறப்படும் எச்சரிக்கை நேரானது. வெண்வால் மானின் பாடம் செய்த வாலை, அழகு கருதிக் 'கவரி' என்றோ 'சாமரம்' என்றோ எழுதுதல் கூடாது. கவரி மான்தான் என்று ஏற்கனவே நம்பும் படிப்பாளருக்கு அது சான்றாகிவிடும். இல்லாத விலங்கு ஒன்று வட அமெரிக்கக் காட்டிலும் குடியேறும்.

6. நினைவுப் பொருளும் சட்டச் சொல்லும்

வேட்டைக் கையேடுகளில் 'டிராஃபி' என்ற சொல் பெரும்பாலும் கொம்புக்கே உரியது. அமெரிக்காவில் 1887இல் நிறுவப்பட்ட பூன் – கிராக்கெட் சங்கத்தின் அளவீட்டு முறையில் மானின் கொம்பே அளக்கப்பட்டு மதிப்பெண் பெறுகிறது. வாலுக்கு அதில் இடமில்லை. வாலை வைத்துக்கொள்பவர் அதனைப் பெருமைக்காக வைப்பது குறைவு. அன்றைய நாளின் நினைவுக்காகவோ, இறைச்சியை உண்டபின் எஞ்சியதை வீணாக்காமைக்காகவோ வைக்கிறார். எனவே அங்கு 'நினைவுப் பொருள்' என்ற பெயர்ப்பு பொருந்தும். 'வெற்றிச் சின்னம்' பொருந்தாது. பழந்தமிழரிடையே சிறுவர் அணிந்த புலிப்பல் தாலியும் வேட்டை விலங்கின் உறுப்பே. அதற்குத் தாலி என்று அணிகலனின் பெயர் அமைந்ததன்றி வெற்றியைச் சுட்டும் பெயர் அமையவில்லை.

இந்தியச் சட்டத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, 'டிராஃபி' என்பதை இயற்கையாகவோ செயற்கையாகவோ கெடாமல் வைக்கப்பட்ட விலங்கின் முழு உடல் அல்லது எந்த ஒரு பகுதி என்றும் வரையறுத்து, கொம்பு, எலும்பு, பல், நகம், இறகு ஆகியவற்றோடு மயிரையும் அதில் அடக்குகிறது. வெற்றி, பெருமை, அளவு ஆகியன அவ்வரையறையில் இல்லை. பாடம் செய்யப்படாத நிலைக்குத் தனி வரையறை உண்டு. புதிதாகக் கொல்லப்பட்ட விலங்கும் அதில் அடங்கும். பாடம் செய்தல் என்ற தொழிலும் தனியே வரையறுக்கப்பட்டுள்ளது. மைசூரில் 1900 அளவில் தொடங்கிப் பல்லாயிரம் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்த வான் இன்ஜென் நிலையம் 1999இல் மூடப்பட்டது. தொழில் மறைந்த பின்னும் அதன் சொற்கள் சட்டத்தில் வாழ்கின்றன; அவற்றைத் தமிழில் சொல்ல வேண்டிய தேவையும் நீடிக்கிறது.

தமிழ் நாளிதழ்களில் 'டிராஃபி' என்பது மட்டைப்பந்தாட்டச் செய்திகளால் 'கோப்பை'யாகவே பழகிவிட்டது. சட்ட வாசகத்தில் கோப்பை நகைப்புக்குரியது. 'வெற்றிச் சின்னம்' தவறான பொருளுடையது. 'பரிசுப் பொருள்' அதனினும் தவறானது. 'வைப்புறுப்பு' என்றோ, 'பேணிய விலங்குறுப்பு' என்றோ அமைத்து, அதன் மறுதலையைப் 'பாடம் செய்யா விலங்குறுப்பு' என்பதே ஏற்கத்தக்கது. முன்னது சற்றே செயற்கையானது, பின்னது நீளமானது. சட்டத்தில் நீளம் குற்றமன்று.

இத்தேர்வினால் நேரும் விளைவை யானைமுடி மோதிரத்தைக் கொண்டு காணலாம். தமிழகத்திலும் கேரளத்திலும் பலர் விரும்பி அணியும் அம்மோதிரத்தின் முடி யானையின் வாலிலிருந்து எடுக்கப்படுவது. பெயரில் வால் இல்லை. அணிபவர் அதனை வாலாக எண்ணுவதும் இல்லை. வேட்டையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்ற நினைவும் எழுவதில்லை. சட்டத்தின் வரையறையிலுள்ள மயிர் என்ற சொல் அதனையும் தழுவும். வனத்துறையின் அறிவிப்பில் 'வனவிலங்குக் கோப்பைகளை வைத்திருப்பது குற்றம்' என்று அச்சிடப்பட்டிருந்தால், அதனைப் படிப்பவர் சுவரில் மாட்டிய மான்தலையை நினைப்பாரேயன்றித் தம் விரலைப் பார்க்கமாட்டார்.